வைவாவில் தமிழ் பேசியதற்கு ஒரு மெமோ

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மெமோ வந்தது.

இருபது வருட சர்வீஸில் மெமோ எனக்குப் புதிதல்ல. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரில் பச்சை மையால் கையெழுத்துப் போட்டதற்கு ஒன்று வந்திருக்கிறது. ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் பேச்சை முடிக்கவே இல்லை என்பதால் நடுவில் எழுந்து பஸ் பிடிக்கப் போனதற்கு ஒன்று. இரண்டுக்கும் ‘இனி நடக்காது’ என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டும் மறுபடி நடந்தன என்பது வேறு விஷயம்.

இந்த மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். குற்றச்சாட்டுகள் மூன்று. செய்முறைத் தேர்வின் வைவாவில் ஒரு மாணவி தமிழில் பதில் சொல்ல நான் உடந்தையாக இருந்தேன். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினரின் வேலைக்கு இடையூறு செய்தேன். மார்க் ஷீட்டில் தேவையில்லாத ஒரு வாக்கியத்தை எழுதினேன். ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

மூன்றும் உண்மை. அதனால் விளக்கம் எழுதுவதில் எனக்குச் சிரமமே இல்லை. ஆனால் பிரின்சிபாலுக்கு மட்டும் எழுதி என்ன பிரயோஜனம்? உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும் — நான் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறேன். வீடு இராஜாக்கமங்கலத்தில். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். புதிதாக வந்தவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்.

போன வருடம், முதல் செமஸ்டரின் முதல் நாள். வகுப்புக்குள் போனால் கடைசி பெஞ்சில் சேலை கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். வயது முப்பத்தெட்டு இருக்கலாம். மடியில் ஒரு துணிப்பை. பிள்ளையைக் கொண்டுவிட வந்தவர், பஸ் நேரம் வரும்வரை உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“உங்க பிள்ள எங்க, அக்கா?” என்றேன்.

“பிள்ள பள்ளிக்கூடம் போயாச்சு டீச்சரே. நான் படிக்க வந்தேன்.”

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து பெஞ்சில் வைத்தார்.

பெயர் ஸ்டெல்லாபாய். குலசேகரத்துக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்பே தன் பங்கு மரங்களில் வெட்டுப் போட்டுவிடுவார். சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து ஊற்ற தங்கச்சி வந்துவிடுவார். இவர் குளித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். பிளஸ் டூவில் நல்ல மார்க். அப்போதே கம்ப்யூட்டர் படிக்க ஆசை. வீட்டில் கல்யாணம் பண்ணி வைத்தார்கள். இருபது வருடம் கழித்து, மகன் பத்தாம் வகுப்புக்குப் போன வருடம், தானே வந்து அப்ளிகேஷன் வாங்கிப் பூர்த்தி செய்து சேர்ந்துவிட்டார்.

“படிச்சு என்ன பண்ணப் போறீங்க?” என்று நானும் கேட்டுத் தொலைத்தேன்.

“நீங்களுமா டீச்சரே?” என்றார். “எஸ்டேட்ல கேட்டாச்சு. கோயில்ல கேட்டாச்சு. கெட்டுன மாப்பிள கல்ஃப்லேருந்து போன்ல கேட்டாச்சு. இந்த முன் பெஞ்சுப் பிள்ளையள்ட்ட யாராச்சும் கேட்டியளா, படிச்சு என்ன பண்ணப் போறன்னு?”

கேட்கவில்லைதான். அதற்குப் பிறகு நானும் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொன்னார். “மத்த பிள்ளையள நீன்னு கூப்பிடுதியோ. என்னய மட்டும் நீங்க, வாங்கன்னு தள்ளி வைக்கியோ. நானும் ஸ்டூடண்ட்தானே?” எனவே ஸ்டெல்லாவை நான் ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறேன். இங்கேயும் இனி ‘அவள்’ என்றே எழுதப் போகிறேன். மரியாதை இல்லையே என்று யாரும் கடிதம் போட வேண்டாம். அது அவள் உத்தரவு.

இரண்டு மாதம் போயிருக்கும். நான் வழக்கம்போல இங்கிலீஷில் நடத்திக்கொண்டிருந்தேன். நடுவில் “அண்டர்ஸ்டுட்?” என்பேன். வகுப்பு “எஸ் மேம்” என்று ராகம் போடும். அந்த ராகத்துக்கு அர்த்தம் எதுவும் கிடையாது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வருடா வருடம் கேட்போம். வருடா வருடம் பாடுவார்கள்.

அன்றைக்கு ஸ்டெல்லா எழுந்து நின்றாள்.

“டீச்சரே, நீங்க பறையுதது கேக்க நல்லா கொள்ளாம். பாட்டு மாதிரி இருக்கு. ஆனா வெளங்கல. ஒருக்கா தமிழ்ல சொல்லுவியளா?”

மறுபடி சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. சரி, சொல்லித்தான் பார்ப்போமே என்று சாக்பீஸை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். நாங்கள் வீட்டில் பேசுகிற தமிழில்தான்.

பத்து நிமிடத்தில் வகுப்பில் சத்தம் அடங்கிப்போனது. பிறகு ஒரு கை எழுந்தது. குளச்சலிலிருந்து வருகிற ஒரு மாணவன். அதுவரை அவன் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. ஒரு சந்தேகம் கேட்டான். நல்ல சந்தேகம். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு கைகள். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பாவிகளா… இவ்வளவு நாளாக எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தீர்கள்?

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் டிஸ்டிங்ஷனில் பாஸானவள். எப்படி? ரெக்கார்டு நோட்டில் இருந்த அத்தனை புரோகிராமையும் மனப்பாடம் செய்து. படித்து முடித்ததும் சென்னையில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனேன். கேள்விகளுக்கு இங்கிலீஷில் மடமடவென்று பதில் சொன்னேன். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளைத் தந்து, பத்து வரியில் முடிகிற ஒரு சின்னப் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். ரெக்கார்டு நோட்டில் இல்லாத புரோகிராம். இருபது நிமிடம் கொடுத்தார்கள். தாளின் மேலே என் பெயரை மட்டும் அழகாக எழுதி வைத்திருந்தேன்.

அந்தத் தாளை வாங்கிக்கொண்ட பெண் “தேங்க் யூ” என்று மட்டும் சொன்னாள். நாகர்கோவிலில் ரயில் இறங்கும்வரை அந்த ‘தேங்க் யூ’ காதில் இருந்தது. அதற்குப் பிறகுதான், வேலை இல்லாமல் வீட்டில் இருந்த எட்டு மாதத்தில், நான் உண்மையில் புரோகிராமிங் கற்றுக்கொண்டேன். யோசித்ததெல்லாம் தமிழில்தான்.

அதனால் ஸ்டெல்லா கேட்ட நாளிலிருந்து என் வகுப்பு தமிழில். சொற்கள் இங்கிலீஷில் இருக்கும் — அரே, லூப், பாயின்டர். அவற்றை மாற்றவில்லை. விளக்கம் தமிழில். பரீட்சைத்தாளை இங்கிலீஷில் எழுதவும் சொல்லிக்கொடுக்கிறேன். நான் இங்கிலீஷுக்கு எதிரி அல்ல. புரியாமல் தலையாட்டுவதற்குத்தான் எதிரி.

செய்தி பிரின்சிபாலுக்குப் போனது. போகாமல் இருக்குமா?

“பேரண்ட்ஸ் கேக்காங்க மேடம்,” என்றார். நல்ல மனிதர். அட்மிஷன் கவலை அவரை அரித்துக்கொண்டிருக்கிறது. “நாளைக்கு இன்டர்வியூவுல போயி பிள்ளையள் தமிழ்லயா பேசும்?”

“பேசுறதுக்கு முதல்ல உள்ள ஏதாவது இருக்கணும்லா சார்.”

“பேசாம உங்கள தமிழ் டிபார்ட்மெண்டுக்கு மாத்திரலாமா?” என்று சிரித்தார்.

“அங்க கம்ப்யூட்டர் இருந்தா போறேன் சார்.”

அதோடு அன்றைக்கு விட்டுவிட்டார்.

இப்போது மூன்றாவது செமஸ்டர். செய்முறைத் தேர்வு. வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து எக்ஸாமினர் வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. மதியத்துக்குப் பிறகு இன்னொரு கல்லூரியிலும் அவருக்குத் தேர்வு இருந்தது. முப்பது மாணவர்கள். ஆளுக்கு ஒரு கேள்வி. புரோகிராம் எழுதி, சிஸ்டத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகு வைவா — வாய்மொழியாகச் சில கேள்விகள். அதற்குப் பத்து மார்க். கடைசியில் மார்க் ஷீட்டில் அவரும், கல்லூரித் தரப்பு எக்ஸாமினரான நானும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்த ஷீட் செல்லாது.

ஸ்டெல்லாவுக்கு வந்த கேள்வி, லிங்க்ட் லிஸ்ட். பயப்படாதீர்கள், ஒரு நிமிட வேலைதான். எண்களைப் பெட்டி பெட்டியாகப் போட்டு வைக்கிறோம் என்று வையுங்கள். எல்லாப் பெட்டியும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருக்காது. ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் எண்ணும், அடுத்த பெட்டி எங்கே இருக்கிறது என்கிற முகவரியும் இருக்கும். முதல் பெட்டியைப் பிடித்தால் அதிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று போய்விடலாம். நடுவில் ஒரு முகவரியைத் தொலைத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் போச்சு. அவ்வளவுதான்.

அவள் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டாள். எண்களைச் சேர்த்தாள், நடுவில் ஒன்றை நீக்கிக் காட்டினாள். சரியாக ஓடியது. எக்ஸாமினர் டிக் போட்டார். பிறகு வைவா.

“வாட் இஸ் எ லிங்க்ட் லிஸ்ட்?”

ஸ்டெல்லா முயற்சி செய்தாள். “லிங்க்ட் லிஸ்ட்… சார்… ஒன் பாக்ஸ்… நெக்ஸ்ட் பாக்ஸ் அட்ரஸ்…”

“டெஃபனிஷன், ப்ளீஸ்.”

ஏசி போட்ட லேபில் அவள் நெற்றி வியர்ப்பதைப் பார்த்தேன்.

“தமிழ்ல சொல்லட்டா சார்?”

“இது தமிழ் பேப்பர் இல்லை,” என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல்.

அவள் என்னைப் பார்த்தாள். நான், “சொல்லு ஸ்டெல்லா,” என்றேன்.

முதல் குற்றம் அது.

அவள் சொன்னாள். நான் உங்களுக்கு மேலே சொன்னதை விடத் தெளிவாகச் சொன்னாள். ஒரு பெட்டியை நடுவிலிருந்து எடுக்கும்போது முந்தைய பெட்டிக்கு எந்த முகவரியைக் கொடுக்க வேண்டும், அதை எந்த நேரத்தில் கொடுக்க வேண்டும், முந்திக் கொடுத்தால் என்ன கெடும் — எல்லாம். அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வைவா கட்டத்தில் ஒரு முட்டை போட்டார். பிறகு, ஏற்கெனவே டிக் போட்டிருந்த புரோகிராமின் மார்க்கையும் அடித்துப் பாதியாக்கினார்.

“அது எதுக்கு சார்?” என்றேன்.

“ஒரு டெஃபனிஷன் சொல்லத் தெரியல. இவங்க இதைத் தானா எழுதியிருக்க வாய்ப்பே இல்ல. மனப்பாடம்.”

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஃபெயில். மொத்தத் தேர்வையும் அடுத்த வருடம் மறுபடி எழுத வேண்டும்.

“இப்பதானே சார் விளக்கமா சொன்னா?”

“நான் கேட்டது இங்கிலீஷ்ல.”

“இங்கிலீஷ்லதான் சொல்லணும்னு எந்த ரூல்ல இருக்கு?”

“ரூல் எதுக்கு மேடம்? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?”

அன்று காலை பத்துக்குப் பத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். டெஃபனிஷனை மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். அவர்களில் சிலரின் ரெக்கார்டு நோட்டை ஏஐ எழுதிக்கொடுத்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஒரே பிழையை, ஒரே வரியில், நான்கு நோட்டில் பார்த்தவள் நான். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அந்த வழியாக வந்தவள்தானே? ஆனால் கற்றுக்கொண்ட ஒருத்தியை மனப்பாடம் என்று சொல்லி அடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

மார்க் ஷீட்டை என் பக்கம் இழுத்து, மேலே கையை வைத்துக்கொண்டேன்.

“நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

இரண்டாவது குற்றம்.

அவர் பேனாவை மூடினார். ஸ்டாஃப் ரூமில் அவருக்காக நெய்மீன் குழம்போடு சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. இன்னொரு கல்லூரியிலிருந்து போன் வந்துகொண்டிருந்தது. மற்ற இருபத்தொன்பது பேரின் மார்க்கும் அதே ஷீட்டில் என் கைக்குக் கீழே இருந்தது. கையை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

எக்ஸாமினர் பிரின்சிபாலுக்குப் போன் பண்ணி என்னிடம் நீட்டினார். பிரின்சிபால் என்னிடம், “மேடம், விட்டுக்கொடுங்க. பிறகு பேசிக்கலாம்,” என்றார்.

“பிறகுன்னா ஃபெயில் ஆன பிறகா சார்?” என்று கேட்டேன். போனை எக்ஸாமினரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“மனப்பாடம் இல்லேன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?” என்றார் எக்ஸாமினர்.

“புக்ல இல்லாத ஒண்ணக் கேளுங்க. எழுதட்டும்.”

அவர் யோசித்தார். பிறகு, இருக்கிற லிஸ்ட்டை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடச் சொன்னார். பத்து, இருபது என்று ஐம்பது வரை போகிற ஐந்து எண்களின் வரிசை, ஐம்பது, நாற்பது, முப்பது என்று வர வேண்டும். எங்கள் ரெக்கார்டு நோட்டில் அது கிடையாது. நான் வகுப்பிலும் நடத்தியதில்லை. எந்த தைரியத்தில் சவால் விட்டேன்?

ஸ்டெல்லா போய் சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஓட்டினாள். திரையில் ஒரே ஓர் எண் வந்தது. பத்து. மற்ற நான்கையும் காணோம்.

எக்ஸாமினர் வாட்ச்சைப் பார்த்தார். நான் ஸ்டெல்லாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தாளை எடுத்து ஐந்து பெட்டி வரைந்தாள். அம்புக்குறிகள் போட்டாள். ஒன்றை அடித்துத் திருப்பினாள். அப்புறம் கையைத் தலையில் வைத்துக்கொண்டு, தனக்குத்தானே, “அடுத்தவனுக்க அட்ரஸ எடுத்து வைக்காம திருப்பிட்டேன்…” என்று முணுமுணுத்தாள்.

திருத்தினாள். ஓட்டினாள். மறுபடியும் பத்து. அது மட்டும்தான்.

எனக்கு எங்கே தப்பு என்று தெரிந்துவிட்டது. சொல்லக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். லேபில் வேலையை முடித்துவிட்டிருந்த மாணவர்கள் யாரும் வெளியே போகவில்லை. எல்லோரும் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் தாளில் அந்த ஐந்து பெட்டிகளின் மேலும் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள். கடைசிப் பெட்டியில் விரல் நின்றது. “ஓ… தல இப்ப இவன்தானே,” என்றாள். ஒரே ஒரு வரி சேர்த்தாள். வரிசை திரும்பிவிட்டது, ஆனால் முதல் பெட்டி எது என்பதை மாற்றிச் சொல்லாமல் விட்டிருந்தாள். அதுதான் அந்த ஒரு வரி.

ஐம்பது. நாற்பது. முப்பது. இருபது. பத்து.

யாரும் கைதட்டவில்லை. குளச்சல் மாணவன் மட்டும், “எக்கா,” என்றான் மெதுவாக.

எக்ஸாமினர் எழுந்து போய் திரையைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை எடுத்து அம்புக்குறிகளைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“நானும் தமிழ் மீடியம்தான் மேடம். எம்.சி.ஏ. வைவாவுல என்னை நிக்க வச்சு, இங்கிலீஷ்ல சொல்லு, இல்லேன்னா வெளிய போன்னாங்க. வெளிய போனேன். அடுத்த வருஷம் வந்துதான் பாஸ் பண்ணினேன். என்னை யாரும் விடல.”

எனக்குச் சட்டென்று கோபம் இறங்கிவிட்டது. ஆனால் கையை எடுக்கவில்லை.

“உங்கள விடலங்கிறதுக்காக இவளையும் விடக்கூடாதா சார்?”

அவர் பேனாவைத் திறந்தார். புரோகிராமுக்கு முழு மார்க்கைத் திருப்பிப் போட்டார். வைவாவுக்கு ஏழு. ஓரத்தில் இங்கிலீஷில், ‘மாணவி தமிழில் பதில் அளித்தார்’ என்று எழுதினார். அதற்குக் கீழே நான் தமிழில், ‘ஆம். சரியாகப் பதில் அளித்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது குற்றம். எனக்கு மிகவும் பிடித்த குற்றம்.

இதோடு முடிந்திருந்தால் இது என் வீரப் பிரதாபம் ஆகியிருக்கும். முடியவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். சந்தோஷமாகப் பேசுவாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். முகம் இறுகியிருந்தது.

“என்ன ஸ்டெல்லா? பாஸாயாச்சுல்லா?”

“எனக்காவ நின்னியோ. அது செரி. மறக்க மாட்டேன்,” என்றாள். “ஆனா டீச்சரே, ஒரு காரியம் சொன்னா கோவப்படக் கூடாது.”

“சொல்லு.”

“அந்த சார் கேட்ட ஒடனே ‘எழுதட்டும்’னு சொல்லிட்டியோ. என்னய ஒருக்கா கேட்டியளா? எல்லாரும் ஒரு பரீட்ச எழுதுனாங்க. நான் மட்டும் ரெண்டு எழுதினேன். அதுவும் அம்புட்டு பேரும் வேடிக்க பாக்க. பத்து பத்துன்னு வந்தப்ப எனக்கு வந்த வெப்ராளம் ஒங்களுக்குத் தெரியாது. கை மரத்துப் போச்சு. அது ஓடாம இருந்திருந்தா? நான் நல்லா பறஞ்சதெல்லாம் பொய்னு ஆயிருக்கும்லா?”

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், அவள் விடவில்லை.

“இங்கிலீஷ்ல ஒப்பிச்சவங்கள யாராச்சும் திருப்பிப் போடச் சொன்னாங்களா? தமிழ்ல பறஞ்சா மட்டும் ரெண்டு தடவ நிரூபிக்கணுமா?”

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். அவளுக்காகச் சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளையே பந்தயத்தில் வைத்திருக்கிறேன். மெமோவில் இல்லாத நான்காவது குற்றம் அது. அதை எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

“தப்புதான் ஸ்டெல்லா,” என்றேன். “கேட்டிருக்கணும்.”

“செரி, விடுங்கோ,” என்றாள். குலசேகரம் பஸ் வந்தது. ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாக, “தலைய மாத்த மறந்தேன் பாத்தியளா… கோட்டி,” என்று தன்னைத்தானே திட்டிச் சிரித்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மெமோவுக்கு வருகிறேன். விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘மூன்றும் உண்மை. முதலாவதையும் மூன்றாவதையும் வாய்ப்புக் கிடைத்தால் மறுபடி செய்வேன். இரண்டாவதைச் செய்யும்போது மாணவியிடம் முதலில் அனுமதி கேட்பேன்.’ இவ்வளவுதான். ‘இனி நடக்காது’ என்கிற வரி இந்தத் தடவை இல்லை. தமிழில்தான் எழுதினேன். இங்கிலீஷில் எழுதித் தரும்படி ஆபீஸிலிருந்து சொன்னார்கள். எந்த ரூலில் இருக்கிறது என்று கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பலன்? ஒரு வருடத்துக்கு எனக்கு எக்ஸாமினர் டியூட்டி கிடையாது. பிரின்சிபால் வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கும் வருத்தம்தான், மறைக்கவில்லை. அடுத்த செமஸ்டரில் வைவா மேஜைக்கு அந்தப் பக்கம் யார் உட்காருவார்கள், என் பிள்ளைகளிடம் எதை எப்படிக் கேட்பார்கள் என்று நினைத்தால் பகீரென்கிறது.

ஆனால் வியாழக்கிழமை வேறொன்று நடந்தது.

ஸ்டெல்லா வகுப்பில் ஒரு மனுவைச் சுற்றுக்கு விட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல்தான். வைவாவில் தமிழிலோ இங்கிலீஷிலோ, மாணவர் விருப்பப்பட்ட மொழியில் பதில் சொல்ல அனுமதிக்க வேண்டும். எல்லோருக்கும், ரெக்கார்டு நோட்டில் இல்லாத ஒரு மாற்றத்தை அங்கேயே செய்து காட்டச் சொல்ல வேண்டும் — யாருக்கும் விதிவிலக்கு இல்லாமல். இரண்டே கோரிக்கைகள். முதல் கோரிக்கைக்கு மொத்த வகுப்பும் கையெழுத்துப் போட்டிருந்தது. இரண்டாவதைப் படித்துவிட்டுச் சிலர் பேனாவை மூடிவிட்டார்களாம். “ரெண்டும் சேத்துத்தான்,” என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். ஒன்று மட்டும் வேண்டும் என்பவர்களின் கையெழுத்தை அடித்துவிட்டாளாம். மதியம் சிலர் திரும்பி வந்து மறுபடி போட்டிருக்கிறார்கள். டெஃபனிஷனுக்குப் பத்துக்குப் பத்து வாங்கிய ஒரு மாணவியும் அதில் உண்டு.

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு அந்த மனுவை மேஜையில் வைத்தார்.

“இது உங்க வேலையா மேடம்?”

“இல்ல சார். என்ன எழுதச் சொல்லியிருந்தா நான் முதல் கோரிக்கைய மட்டும்தான் எழுதியிருப்பேன். இரண்டாவது எனக்குத் தோணல.”

அவர் மனுவை இன்னொரு தடவை வாசித்தார். கிழித்துப் போடவில்லை. யூனிவர்சிட்டிக்கு அனுப்புவதாகவும் சொல்லவில்லை. பேப்பர் வெயிட்டை எடுத்து அதன் மேல் வைத்தார். பிறகு, நிஜமான கவலையோடு கேட்டார்:

“எல்லாஞ்சரி மேடம். இந்தப் பிள்ளையளுக்கு இங்கிலீஷ் எப்பதான் வரும்?”

“வரும் சார். முதல்ல வாய தொறக்கட்டும்.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.